மரம் நடுவதற்கு முன் வேரைத் தேடுங்கள்: வேலூர் பக்கத்துப் பட்டா காட்டைப் பராமரிக்க ஒரு முழு வழிகாட்டி

ஒடுகத்தூர் பக்கம், ஜவ்வாது மலை அடிவாரத்தில் காப்புக்காட்டை ஒட்டி எங்கள் குடும்பத்துக்கு ஆறு ஏக்கர் பட்டா நிலம் இருக்கிறது. கீழே இரண்டு ஏக்கர் மானாவாரி. நிலக்கடலை, துவரை போடுவோம். மேலே நான்கு ஏக்கர் கரடு. கல்லும் முள்ளும் நடுநடுவே கொஞ்சம் மரமும். தாத்தா காலத்தில் விறகுக்கும் ஏர்க்காலுக்கும் அங்கேதான் வெட்டினார்கள். அப்புறம் யாரும் கவனிக்கவில்லை.

அந்தக் கரட்டைக் காடாக்க வேண்டும் என்று 500 கன்று வாங்கி நட்டோம். அடுத்த கத்திரி வெயில் முடிந்தபோது அறுபதுகூடத் தேறவில்லை. வாடிப்போன கன்றுகளை எண்ணிக்கொண்டு நின்ற என்னிடம், அந்தப் பக்கம் ஆடு மேய்க்கும் பெரியவர் ஒரு மொட்டைக் கட்டையைக் காலால் தட்டிக் காட்டினார். "கட்டதான் செத்துது தம்பி, வேரு உசுரோட கீது. இத உட்டுட்டு எதுக்கு புதுசா நட்டுனு கீற?" குனிந்து பார்த்தேன். முழங்கால் உயரத்துக்கு வெட்டுப்பட்ட துரிஞ்சி மரத்தின் கட்டை. அடியில் விரல் நீளத் துளிர்கள், எல்லாம் நுனி கடிபட்டு. அதே மாதிரி கட்டைகளை அன்றைக்கே எண்ணத் தொடங்கினேன். அரை ஏக்கருக்குள் எழுபதைத் தாண்டியது.

இந்த வழிகாட்டி முழுக்க அந்தக் கட்டையைச் சுற்றித்தான் போகும். அணைக்கட்டு, குடியாத்தம், பேரணாம்பட்டு, ஆம்பூர், ஆலங்காயம் என்று பழைய வடாற்காட்டின் மலையடிவாரங்களில் இப்படிப்பட்ட கரட்டுப் பட்டா நிறைய இருக்கிறது. பெரும்பாலும் அங்கே காடு அழிந்துவிடவில்லை, மண்ணுக்குள் காத்திருக்கிறது. நம் வேலை அதற்கு வழிவிடுவது.

முதல் வேலை: நடந்து பார்த்து எண்ணுவது

மார்கழி அல்லது தை மாதத்தில் தொடங்குங்கள். மழை முடிந்து, இலை இன்னும் மரத்தில் இருக்கும் நேரம். எது என்ன மரம் என்று தெரியும், பாம்பு பயமும் மழைக்காலத்தைவிடக் கொஞ்சம் குறைவு. புல வரைபடத்தின் நகல் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு எல்லைக்கல் முழுவதும் ஒருமுறை சுற்றி வாருங்கள். கானாறு எங்கே இறங்குகிறது, பாறை எங்கே தெரிகிறது, மண் எங்கே அரித்திருக்கிறது, ஆட்டுத்தடம் எந்தப் பக்கம் போகிறது, எல்லாவற்றையும் அதில் பென்சிலால் குறியுங்கள்.

அப்புறம் எண்ணிக்கை. நிலம் முழுவதையும் எண்ண வேண்டாம். பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர் கயிறு கட்டுங்கள். அது சுமார் இரண்டரை சென்ட். ஏக்கருக்கு ஐந்து கட்டம் போதும். மேடு, பள்ளம், ஓடைக்கரை என்று எல்லா இடமும் அதில் வர வேண்டும்; நன்றாக இருக்கும் இடத்தை மட்டும் பொறுக்கினால் கணக்கு நம்மையே ஏமாற்றும். ஒவ்வொரு கட்டத்திலும் மூன்று எண்ணிக்கை எடுங்கள்: நிற்கும் மரம், உயிருள்ள கட்டை, இடுப்புக்குக் கீழே உள்ள இளங்கன்று. நிற்கும் மரத்துக்குத் தரையிலிருந்து நாலரை அடி, அதாவது 1.37 மீட்டர் உயரத்தில் தையல்காரர் டேப்பைச் சுற்றி அளந்து எழுதுங்கள். வனத்துறையும் இந்த உயரத்தில்தான் அளக்கும்.

கட்டைக்கு உயிர் இருக்கிறதா என்று தெரிய, தரையை ஒட்டிய பட்டையை நகத்தால் சுரண்டுங்கள். பச்சையும் ஈரமும் தெரிந்தால் உயிர் இருக்கிறது. நம் பக்கம் துரிஞ்சி, வெக்காலி, வெட்பாலை, புரசு, கொன்றை, வேம்பு எல்லாம் வெட்டிய கட்டையிலிருந்து நன்றாகத் துளிர்க்கும். ஆச்சா மரம் இன்னொரு விதம். அதன் கன்று முதல் சில ஆண்டுகள் கோடையில் தலை காய்ந்து காய்ந்து போகும். அந்தக் காலம் முழுக்க வேர் மட்டும் ஆழத்துக்கு இறங்கிக்கொண்டே இருக்கும். மேலே ஒரு சாண் குச்சிதானே என்று களைக்கொத்தால் வாரி எறிந்துவிட்டால், ஐந்து வருட வேரை எறிந்த மாதிரி.

என் கணக்கு இது: ஏக்கருக்கு 150-க்கு மேல் கட்டையும் இளங்கன்றும் இருந்தால் முதல் மூன்று வருடம் ஒரு கன்றுகூட வாங்காதீர்கள். 50-க்குக் கீழே என்றால் நட்டுத்தான் ஆக வேண்டும். நடுவில் இருந்தால் வெற்றிடத்தில் மட்டும் நடுங்கள்.

காகிதம்

தன் நிலத்து மரத்தை வெட்டுவதற்கும் சட்டம் குறுக்கே வரும், தெரியாமல் மாட்டிக்கொள்ளக் கூடாது. பட்டா, சிட்டா, அடங்கல், புல வரைபடம் நான்கும் கையில் இருக்கட்டும். தமிழ்நாடு தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டம் 1949, மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம் 1955 என்று இரண்டு பழைய சட்டங்கள் இருக்கின்றன. உங்கள் சர்வே எண் அல்லது கிராமம் அவற்றின் கீழ் அறிவிக்கப்பட்டிருந்தால் அனுமதி இல்லாமல் மரம் வெட்ட முடியாது. கிராம நிர்வாக அலுவலரிடமும் வனச்சரக அலுவலகத்திலும் எழுத்தில் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். வாய்ப்பேச்சை நம்பி நாங்கள் ஒருமுறை அலைந்தோம். ஒரு அலுவலகத்தில் தேவையில்லை என்றார்கள், சோதனைச் சாவடியில் வண்டியை நிறுத்திவிட்டார்கள். வெட்டிய மரத்தை வண்டியில் ஏற்றும்போது 1968-ஆம் ஆண்டின் மரப் போக்குவரத்து விதிகள் வேறு இருக்கின்றன. எந்த மரத்துக்கு அனுமதிச் சீட்டு வேண்டும், எதற்கு விலக்கு என்பதை ஏற்றுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

சந்தனம் தனிக் கதை. நம் ஜவ்வாது மலை சந்தனத்துக்குப் பேர்போனது. பறவை எச்சத்தில் வந்து பட்டா நிலத்தில் தானாக முளைப்பது இங்கே சகஜம். 2002-இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, பட்டா நிலத்துச் சந்தனம் நில உரிமையாளருக்கே சொந்தம். ஆனால் வெட்டுவதும் விற்பதும் வனத்துறை வழியாகத்தான். காய்ந்துபோன சந்தனமாக இருந்தாலும் நாமாகக் கை வைத்தால் குற்றம். முளைத்திருப்பதைப் பார்த்தவுடன் கிராமக் கணக்கில் பதியச் சொல்லுங்கள். அப்புறம் திருடன் வந்து வெட்டினாலும் பழி நம் தலையில் விழாது.

அடைப்பு

மூன்று மழைக்காலம் ஆடு மாடு உள்ளே வரக்கூடாது. இந்த ஒரு வேலையைச் செய்தால் பாதிக் காடு வந்துவிடும். இதைச் செய்யாவிட்டால் மற்ற எல்லாம் வீண்.

கம்பி வேலி போடப் பணம் இருந்தால் போடுங்கள். எங்களுக்கு இல்லை. வெட்டிய முள்ளை வைத்து ஆட்டுத்தடம் வரும் மூன்று இடத்தை மட்டும் அடைத்தோம். எல்லை நெடுக உயிர்வேலிக்கு கிளுவைப் போத்தும் (ஊன்றினால் வேர்விடும் கிளைத் துண்டு), மழையோடு கொடுக்காப்புளி விதையும் ஊன்றினோம். ஆனால் வேலியைவிட முக்கியம் ஆட்டுக்காரரோடு பேசுவது. அவருக்கும் பிழைப்பு அதுதான். நாங்கள் ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம்: கரட்டின் மேல் பக்க மூன்று ஏக்கரில் ஆடு நுழையாது, அதன் கீழ்ப் பக்க ஒரு ஏக்கர் அவருக்கு. புரட்டாசிக்குப் பிறகு அடைப்புக்குள் வளரும் புல்லை அவர் அறுத்துக்கொண்டு போகலாம், காசு வேண்டாம். புல் அறுபட்டால் நமக்குத் தீ பயமும் குறையும். அந்தப் பெரியவர் ஒருமுறைகூட வாக்கு மீறியதில்லை. வேறு ஊர் ஆடு வந்தாலும் அவரே விரட்டிவிடுவார்.

வெள்ளாடு நுனியைக் கடிக்கும். செம்மறி புல்லோடு போகும். மூன்று வருடம் கழிந்து துளிர்கள் தலைக்கு மேல் போன பிறகு, தை மாதத்தில் செம்மறியை மட்டும் சில நாள் விடலாம். வெள்ளாட்டை ஐந்து வருடத்துக்கு யோசிக்காதீர்கள்.

கட்டையிலிருந்து மரம்

அடைத்த முதல் மழையிலேயே ஒவ்வொரு கட்டையிலும் பத்து, பதினைந்து துளிர் கிளம்பும். பார்க்க ஆசையாக இருக்கும். எல்லாவற்றையும் விட்டால் புதராகத்தான் நிற்கும், மரமாகாது.

முதல் வருடம் தொடாதீர்கள். வேருக்கு இலைதான் சோறு போடுகிறது. இரண்டாம் வருடம், மழை முடிந்து தை பிறந்ததும், கட்டைக்கு மூன்று துளிர் மட்டும் விட்டு மற்றதைக் கழியுங்கள். எதை விடுவது? தரையை ஒட்டி, முடிந்தால் மண்ணுக்குள்ளிருந்தே கிளம்பியதை. கட்டையின் வெட்டுவாயில், உயரத்தில் முளைத்தது வேகமாக வளரும், தடித்தும் தெரியும். ஆனால் அடியில் கட்டை உளுத்ததும் காற்றில் பிளந்து விழும். தரையோடு வந்தது சொந்த வேர் பிடித்து நிற்கும். ஒரே பக்கமாக மூன்றையும் விடாமல் சுற்றிலும் பரவலாக விடுங்கள். மூன்றாம் நான்காம் வருடத்தில் மூன்றை ஒன்றாக்குங்கள். தீவனத்துக்கு வேண்டுமென்றால் இரண்டு.

வெட்டுக்கத்தி கூர்மையாக இருக்க வேண்டும். மொண்ணைக் கத்தியால் நாலு கொத்து கொத்தினால் பட்டை கிழிந்து தொங்கும், அந்த வழியாகப் பூஞ்சை இறங்கும். கீழிருந்து மேல்நோக்கி, சாய்வாக, ஒரே வெட்டு. வெட்டிய தழையை அங்கேயே கட்டையைச் சுற்றிப் பரப்பிவிடுங்கள். கோடையில் அந்த மூடாக்கைத் தூக்கிப் பார்த்தால் அடியில் மண் ஈரமாக இருக்கும். தை முடிந்து தீக்காலம் வரும்போது மட்டும் எல்லையோரத்துத் தழையை உள்ளே தள்ளிவிட வேண்டும்.

தண்ணீரைச் சரிவிலேயே நிறுத்துவது

வேலூருக்கு ஆண்டு மழை 900 முதல் 1,000 மில்லிமீட்டர் வரை. குறைந்த மழை என்று சொல்ல முடியாது. தென்மேற்கிலும் கிடைக்கிறது, வடகிழக்கிலும் கிடைக்கிறது. ஆனால் நாலு நாளில் கொட்டிவிட்டு நாற்பது நாள் காயப் போட்டுவிடும். ஒரு ஏக்கரில் 40 மில்லிமீட்டர் மழை பெய்தால் சுமார் 1,60,000 லிட்டர் தண்ணீர். மொட்டைச் சரிவில் அதில் பெரும்பங்கு மண்ணையும் வாரிக்கொண்டு ஒரு மணி நேரத்தில் கானாற்றுக்குப் போய்விடும். 2021 நவம்பரில் பாலாறு இரு கரையும் புரண்டு ஓடியதைப் பார்த்தவர்கள், அந்தத் தண்ணீரின் நிறத்தையும் பார்த்திருப்பீர்கள். அத்தனையும் மேல்மண்.

சம உயர அகழி, அதாவது சரிவுக்குக் குறுக்கே ஒரே மட்டத்தில் வரிசையாகக் குழிகள் வெட்டுங்கள். 2 மீட்டர் நீளம், அரை மீட்டர் அகலம், அரை மீட்டர் ஆழம். ஒன்றில் 500 லிட்டர் நிற்கும். ஏக்கருக்கு 60 வெட்டினால் ஒரு தடவை நிரம்ப 30,000 லிட்டர். ஒரு வருடத்தில் பல தடவை நிரம்பி வடியும். தொடர்ச்சியாக ஒரே நீள வாய்க்காலாக வெட்டக்கூடாது. எங்காவது உடைந்தால் மொத்தத் தண்ணீரும் அந்த ஒரு வழியாக ஓடி ஓடையையே உண்டாக்கிவிடும். மேல் வரிசையில் இரண்டு அகழிக்கு நடுவே விட்ட இடத்துக்கு நேர் கீழே அடுத்த வரிசையின் அகழி வரட்டும். மண்ணைச் சரிவின் கீழ்ப் பக்கம் போட்டு மிதித்து விடுங்கள்.

மட்டம் பார்க்கக் கருவி வாங்க வேண்டாம். ஏழடி மூங்கில் இரண்டை உச்சியில் கட்டி, காலை அகட்டி நிறுத்தி, நடுவில் ஒரு குறுக்குக் கம்பு கட்டுங்கள். உச்சியிலிருந்து கயிற்றில் ஒரு கல்லைத் தொங்க விடுங்கள். இரண்டு காலும் நிற்கும் இடத்தைத் தரையில் அடையாளம் வைத்துக்கொண்டு, கயிறு குறுக்குக் கம்பைத் தொடும் இடத்தில் கரியால் ஒரு கோடு. இப்போது காலை மாற்றி, வலது நின்ற இடத்தில் இடதை வைத்து இன்னொரு கோடு. இரண்டு கோட்டுக்கும் நட்ட நடுவில் மூன்றாவது கோடு போடுங்கள். அதுதான் மட்டம். இனி சரிவில் ஒரு காலை ஊன்றி, கயிறு அந்த நடுக்கோட்டில் நிற்கும் வரை மறு காலை மேலும் கீழும் நகர்த்துங்கள். நின்ற இடத்தில் ஒரு கல். அப்படியே திருப்பித் திருப்பிப் போனால் சம உயரக் கோடு கிடைத்துவிடும். காற்று அடிக்காத காலை நேரத்தில் செய்யுங்கள், கல் ஆடாது.

இருக்கும் மரத்துக்கும் கட்டைக்கும் ஐந்தடிக்குள் அகழி வேண்டாம், வேர் அறுபடும். பாறை தெரியும் செங்குத்துச் சரிவில் அகழி எடுக்காதீர்கள். அங்கே கிடக்கும் கல்லைக் குறுக்கே வரிசையாக அடுக்கினாலே மண் தங்கும்.

ஓடை அரிப்புக்குக் கல் தடுப்பு. இதை எப்போதும் மேலிருந்து கீழே கட்டி வர வேண்டும். கீழே பெரிதாக ஒன்று கட்டிவிட்டு மேலே விட்டால், முதல் மழையில் வரும் வேகம் அதைப் பிடுங்கிவிடும். ஒரு அடி தோண்டி, அடியிலும் இரு கரையிலும் கல்லைப் புதைத்து எழுப்புங்கள். நடுப்பகுதி ஓரங்களைவிடத் தாழ்ந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் தண்ணீர் கரையைச் சுற்றி வெட்டிக்கொண்டு போகும். சிமெண்ட் தேவையில்லை, கசிந்து இறங்குவதுதான் நமக்கு வேண்டும். கணியம்பாடி பக்கம் நாகநதி வடிநிலத்தில் பெண்கள் 100 நாள் வேலையில் இப்படித்தான் கல் தடுப்பும், மழைநீரை நிலத்துக்குள் இறக்கும் செறிவூட்டும் கிணறும் அமைத்தார்கள். போய்ப் பார்த்து வந்தால் ஒரு புத்தகம் படித்ததைவிடப் புரியும்.

வேலிக்காத்தானும் உண்ணிச்செடியும்

வேலிக்காத்தான் என்பது சீமைக்கருவேலம், உண்ணிச்செடி என்பது லன்டானா. இரண்டும் வெளியிலிருந்து வந்தவை, இரண்டையும் கையாளும் விதம் வேறு.

உண்ணிச்செடியை மேலே வெட்டினால் இரட்டிப்பாகக் கிளைக்கும். கொளுத்தினாலும் அப்படித்தான். தண்டும் வேரும் சேரும் கழுத்துப் பகுதியில்தான் அதன் துளிர்மொட்டு எல்லாம் இருக்கிறது. முதல் மழையில் மண் இளகியதும் சுற்றிலும் கொத்தி, கழுத்துக்கு மூன்று நான்கு விரற்கடை கீழே வேரை அறுத்து, செடியைத் தலைகீழாகப் பாறை மேலோ புதர் மேலோ போட்டுவிடுங்கள். மண்ணில் கிடந்தால் திரும்ப வேர் விடும். காய் பிடிப்பதற்கு முன்பே செய்துவிட வேண்டும், இல்லாவிட்டால் பழத்தைத் தின்ற பறவைகள் விதைத்துவிடும். எடுத்த இடத்தை வெறுமையாக விடாதீர்கள். அன்றைக்கே புல் விதையோ ஆவாரம் விதையோ தூவுங்கள். அடுத்த இரண்டு மழைக்கும் இளநாற்றைக் கையால் பிடுங்கத்தான் வேண்டும்; அந்தப் பொறுமை இல்லாவிட்டால் தொடங்காமல் இருப்பதே மேல்.

வேலிக்காத்தானைப் பொக்லைன் விட்டு ஒரே நாளில் வாரிவிடலாம் என்று எல்லோருக்கும் ஆசை. சமதரையில் செய்யுங்கள். சரிவில் வேண்டவே வேண்டாம். பக்கத்து நிலத்தில் அப்படித்தான் செய்தார்கள். வேலிக்காத்தானோடு துரிஞ்சிக் கட்டை, வெட்பாலை வேர் எல்லாம் போயிற்று, அந்த வருட மழையில் மண்ணும் போயிற்று. இரண்டு வருடத்தில் வேலிக்காத்தான் மட்டும் திரும்பி வந்தது. ஐந்தில் ஒரு பங்காக, பட்டை பட்டையாக, அகழி வெட்டிய வரிசையிலிருந்து தொடங்குங்கள். கடப்பாறையால் தூரோடு எடுங்கள். தடித்த மரமாக இருந்தால் பக்கக் கிளைகளைக் கழித்து, நிழலாக விட்டுவைத்து, அடியில் வேம்பும் புங்கமும் வளர்ந்து மேலே வந்த பிறகு எடுத்தால் போதும். கரி, விறகு என்று கூலிக்குக் கொஞ்சம் ஈடுகட்டும். அதன் காயைத் தின்ற ஆட்டின் புழுக்கையில்தான் விதை பரவுகிறது, அடைப்பின் அருமை இங்கேயும் தெரியும்.

தீ

மாசி முதல் வைகாசி வரை தூக்கம் குறையும் காலம். நம் மலைத் தீ பெரும்பாலும் மனிதர் வைத்ததுதான்: புதுப்புல் வரட்டும் என்று, வரப்பைக் கொளுத்தி, பீடியை எறிந்து.

எல்லை நெடுக, குறிப்பாகக் காப்புக்காட்டுப் பக்கமும் பாதைப் பக்கமும், பத்தடி அகலத்துக்குப் புல்லையும் சருகையும் மண் தெரியும் வரை செதுக்கி எடுங்கள். தை மாதத்தில் ஒருமுறை. பலரும் இதோடு விட்டுவிடுகிறார்கள். மாசி, பங்குனியில்தான் நம் மரங்கள் மொத்தமாக இலை உதிர்க்கும், செதுக்கிய கோடு முழுக்கத் திரும்பச் சருகு மூடிவிடும். அதனால் மாசிக் கடைசியிலும் பங்குனி நடுவிலும் திரும்பப் பெருக்க வேண்டும். சருகைக் கொளுத்தாதீர்கள், உள்ளே வாரி அகழியில் போடுங்கள், மண்ணாகும். கோட்டுக்குள் மரம் நின்றால் நிற்கட்டும், அதன் அடிக்கிளையை மட்டும் ஆளுயரத்துக்குக் கழித்துவிடுங்கள்.

தீ வந்துவிட்டால் முதலில் 101-க்கும் வனச்சரகத்துக்கும் சொல்லுங்கள். தனியாகப் போகாதீர்கள். பச்சைத் தழைக் கொத்தால் அடித்து அணைப்பது முழங்கால் உயரத் தீக்குத்தான். தீ சரிவில் மேல்நோக்கி ஓடும், அதனால் தீக்கு மேலே நிற்கவே கூடாது. மாட்டிக்கொண்டால் ஏற்கெனவே எரிந்து கருகிய பக்கம் போய் நில்லுங்கள், அங்கே திரும்ப எரிய ஒன்றும் இருக்காது. நைலான் துணி வேண்டாம், பருத்திதான்.

எரிந்த மரத்தை உடனே வெட்டாதீர்கள். ஒரு மழை பொறுங்கள். பட்டை கருகி உள்ளே பச்சை இருக்கும் மரங்கள் ஆடியில் துளிர்த்துவிடும். மேலே செத்தது அடியில் துளிர்க்கும். எங்கள் நிலத்தின் வடக்கு மூலை ஒருமுறை எரிந்தது. அங்கே நட்ட கன்று ஒன்றுகூட மிஞ்சவில்லை. கட்டைகளில் முக்கால்வாசி திரும்பி வந்தன.

நட்டுத்தான் ஆக வேண்டும் என்றால்

இரண்டு நல்ல மழை ஆழமாக நனைத்த பிறகு நடுங்கள். ஆவணிக் கடைசியிலிருந்து ஐப்பசி வரை. ஆனியில் ஒரு மழையைப் பார்த்து ஏமாறாதீர்கள், நாங்கள் ஏமாந்தது அப்படித்தான். அகழியிலிருந்து எடுத்துப் போட்ட மண்மேட்டின் மேல், அல்லது அகழிக்குச் சற்றுக் கீழே, ஒன்றரை அடி கனக் குழி.

கன்று வாங்கும்போது உயரத்தைப் பார்க்காதீர்கள். பையின் அடியைத் தடவிப் பாருங்கள். வேர் சுருண்டு கயிறு மாதிரி கெட்டியாகத் தட்டுப்பட்டால் அது பையில் அதிக நாள் இருந்தது. நட்டாலும் அந்தச் சுருளுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும், கோடையில் ஆழத்துத் தண்ணீரை எட்டாது. எனக்கு முதலில் கிடைத்த 500-இல் பெரும்பாலானவை ஆளுயரக் கன்றுகள். செத்த பிறகு பிடுங்கிப் பார்த்தேன், வேர் பை வடிவத்திலேயே இருந்தது. முழங்கால் உயரக் கன்றே போதும். பையை முழுக்கக் கிழித்து எடுங்கள். அடியில் கொஞ்சம் சுருண்டிருந்தால் அந்த அரை விரற்கடையைக் கத்தியால் நறுக்கிவிட்டு நடுங்கள்.

என்ன நடுவது? சுற்றுவட்டாரக் காப்புக்காட்டில் எது நிற்கிறதோ அது. ஓடைக்கரைக்குப் புங்கம், நாவல், நீர்மருது. நடுச்சரிவுக்கு வேம்பு, வாகை, இலுப்பை, புளி. மேல்கரட்டுக்கு ஆச்சா, வெள்வேல், துரிஞ்சி. ஆச்சாவை விதையாகவே ஊன்றுங்கள், பையில் வளர்த்தால் ஆணிவேர் கெட்டுவிடும். வேப்ப விதை இரண்டு மூன்று வாரத்தில் முளைப்புத்திறனை இழக்கும். பழுத்து விழுந்த உடனே கழுவி நிழலில் உலர்த்தி ஊன்ற வேண்டும். சந்தனம் தனியாக வளராது. அதன் வேர் பக்கத்துச் செடி வேரைக் கவ்வித்தான் சத்தில் ஒரு பங்கை எடுக்கும். குழியில் துவரையும், ஐந்தாறு அடி தள்ளி வேம்போ புங்கமோ இருந்தால் பிழைக்கும். விதைப்பந்து எறிவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. எறும்பும் எலியும் வெயிலும் போக மிஞ்சுவது மிகக் கொஞ்சம்.

2022-இல் தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கத்தின் கீழ் வனத்துறை நாற்றங்கால்களில் பட்டா நிலத்துக்குக் கன்று கேட்கலாம். மண்ணைப் பற்றிச் சந்தேகம் இருந்தால் விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்துக்குப் போங்கள்.

நோய், பூச்சி, புல்லுருவி

மழைக்காலத்தில் வேப்பமரத்தின் நுனிக்கிளைகள் தீய்ந்தது போல் காய்வதைக் கடந்த சில ஆண்டுகளாகப் பார்க்கிறோம். தேயிலைக் கொசு என்னும் சாறுறிஞ்சும் பூச்சியும் நுனிக்கருகல் பூஞ்சையும் சேர்ந்து செய்யும் வேலை அது. பயந்து மரத்தை வெட்டிவிடாதீர்கள். பெரும்பாலான மரங்கள் மாசி, பங்குனியில் புதுத் தளிர் விட்டுவிடும். தேக்கு இலை சல்லடையாவதும் அப்படியே, மரம் தாங்கிக்கொள்ளும். காட்டில் மருந்து அடிப்பதை நான் செய்வதில்லை. புழுவைத் தின்ன வரும் பறவை நின்றுவிடும்.

மரக்கிளையில் ஒட்டி அதன் சாற்றை உறிஞ்சி வளரும் புல்லுருவிக்கு மட்டும் கத்தி எடுங்கள். அது ஒட்டியிருக்கும் இடத்திலிருந்து மரத்தின் பக்கமாக ஒன்றரை அடி தள்ளிக் கிளையை வெட்ட வேண்டும், ஏனென்றால் அதன் உறிஞ்சுவேர் கிளைக்குள் ஓடியிருக்கும். அதன் காய் பழுப்பதற்கு முன் வெட்டுங்கள். பழத்தைத் தின்னும் பூக்கொத்திக் குருவி அதன் பிசுபிசுத்த விதையை அடுத்த கிளையில் தேய்த்துவிட்டுப் போகும்.

காட்டு உயிர்களும் செத்த மரமும்

ஏக்கருக்கு இரண்டு மூன்று செத்த மரத்தை நிற்க விடுங்கள். மரங்கொத்தி பொந்து போடும், அப்புறம் அதில் மைனாவும் ஆந்தையும் வரும். ஆந்தை இருந்தால் கீழ் நிலத்துக் கடலையில் எலி குறையும், இதை நாங்கள் கண்ணால் பார்த்தோம். பாதையோரம் விழக்கூடிய மரத்தை மட்டும் எடுங்கள். சூரை, காரை, கலாக்காய்ப் புதரை முள் என்று வெட்டாதீர்கள். ஆட்டுக்கு எட்டாமல் அதற்குள்தான் இளங்கன்று வளர்கிறது.

குடியாத்தம், பேரணாம்பட்டுப் பக்கம் ஆந்திராவின் கௌண்டின்யா சரணாலயத்திலிருந்து யானை இறங்கும். அங்கே பட்டா காட்டின் நடுவில் வாழையும் கரும்பும் வைக்காதீர்கள். காட்டுப்பன்றிக்கு என்று வீட்டு மின்சாரத்தைக் கம்பியில் இழுப்பது கொலைக்குச் சமம்; யானையும் செத்திருக்கிறது, மனிதரும் செத்திருக்கிறார்கள். சூரிய மின்வேலி போடவும் 2023-இல் வந்த விதிகளின்படி வனத்துறையிடம் பதிய வேண்டும்.

வருமானம் கேட்பீர்கள். ஐந்தாவது வருடத்திலிருந்து சீத்தாப்பழம், புங்கங்கொட்டை, வேப்பங்கொட்டை, கழித்த விறகு, புல். புளி மெதுவாக வரும், வந்தால் பல தலைமுறைக்கு. காட்டை வைத்துக் குடும்பம் நடத்த முடியாது. ஆனால் எங்கள் கிணற்றில் பங்குனியில் வற்றிய தண்ணீர் இப்போது சித்திரை தாண்டி நிற்கிறது. கடலைக்கு அந்த ஒரு மாதம் பெரிது.

நோட்டுப் புத்தகம்

ஒரு பாறையின் மேல் சுண்ணாம்பால் குறி போட்டு, வருடா வருடம் பொங்கல் முடிந்த மறுநாள் அங்கே நின்று அதே திசையில் ஒரு போட்டோ எடுங்கள். முதலில் கயிறு கட்டிய கட்டங்களைத் திரும்ப எண்ணுங்கள். மூலைக்கல்லுக்குச் சிவப்பு பெயிண்ட் அடித்து வைத்தால் தேடி அலைய வேண்டாம். கட்டத்துக்கு ஒரு மரத்துக்குச் சுற்றளவு. தேதி, மழை, எந்த மூலையில் என்ன செத்தது, எந்தப் பறவை புதிதாக வந்தது. மழை அளக்க நேர்ப் பக்கமுள்ள டப்பாவும் ஸ்கேலும் போதும்.

அந்தப் பெரியவர் காலால் தட்டிய துரிஞ்சிக் கட்டை எங்கள் மூன்றாம் கட்டத்தில் இருக்கிறது. மூன்று துளிரில் ஒன்றை விட்டிருக்கிறோம், கிழக்குப் பக்கம் மண்ணோடு வந்தது. போன தையில் சுற்றளவு 22 செ.மீ.